தாமரை செதுக்கிய கதிரை

எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சிலர் நாவற்குடாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து போவதுண்டு. வந்ததும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்த மாதிரி நல்லது, எவ்வளவு கதிர் போதும், இப்படி. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வாசியுங்கள். முப்பத்து நாலு வருடம் அந்த இருட்டு அறைகளில் நின்ற எனக்கு இயந்திரத்தால் வந்த தொல்லை மிகக் குறைவு. தொல்லையெல்லாம் வாயால் வந்தது. அதிலும் பெரிய தொல்லை என் சொந்த வாயால் வந்தது. ஓய்வு பெற்றவள் தன் கெட்டித்தனத்தைச் சொல்லிக்காட்டுவாள் என்று நினைத்து வந்தவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். நான் சொல்லப்போவது உட்காரும் கதிரை ஒன்றைப் பற்றியும் ஒரு பொய்யைப் பற்றியும்.

முதலில் பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்புக்குழியின் அடியில் ஒரு தசைத் தட்டு இருக்கிறது. கருப்பை, சலப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே சரியாமல் தாங்குவது அதுதான். பிள்ளை பெற்று, பாரம் தூக்கி, வயதும் ஏறும்போது அது சிலருக்குத் தளர்ந்துவிடும். அதனால் வரும் கரைச்சலைப் பெண்கள் புருசனுக்கும் சொல்வதில்லை, டொக்டருக்கும் சொல்வதில்லை. கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கும். ஆள் உண்மையாகவே முக்கும்போதுதான் எது எங்கே பிதுங்குகிறது என்று தெரியும். ஆகவே எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் மருந்தை மாவோடு சேர்த்துக் கிண்டிக் களியாக்கி, அதைப் பின்வழியாக உள்ளே செலுத்தி, ஆளை ஓட்டை வைத்த இருக்கையில் இருத்தி, "இனிப் போங்க" என்று சொல்லி, அவர் போவதைப் பக்கவாட்டில் இருந்து ஓடும் படமாக எடுக்க வேண்டும். ஓம், நீங்கள் விளங்கிக்கொண்டது சரிதான். படித்த மனிதர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாவிக் கரையில் இருந்தது. பெயர் வேண்டாம். அங்கே புதிதாக வந்த கதிரியக்க நிபுணருக்கு இந்தப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரே பிடி. நல்ல மனிதர், படத்தை வேதம் மாதிரி நம்புகிறவர். இயந்திரம் இருந்தது, மருந்து இருந்தது. இருக்கைதான் இல்லை. இரும்புக் கதிரை என்றால் அதன் நிழல் படத்தை மறைக்கும். மரக்கதிரையில் அடித்த ஆணிகூட சரியாக எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடத்திலேயே வந்து விழும். ஒரு பிளாஸ்டிக் கதிரை போதாதா என்று நான் கேட்டேன். நிருவாக உத்தியோகத்தர் முகத்தைச் சுளித்து, "அது மரியாதையா இரிக்காது மிஸ்" என்றார்.

ஆணி இல்லாமல் மரத்தை மரத்தோடு பொருத்தத் தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில் எல்லோரும் ஒரே ஆளைச் சொன்னார்கள். அமிர்தகழியில் கோயில் வாகனங்கள் செய்கிற ஓர் ஆசாரி. அவரிடம் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

போனபோது ஒற்றைக் கண் மட்டும் செதுக்கி முடித்த ஒரு ரிஷபத்தின் பக்கத்தில் அவர் இருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். "நீங்களும் இரிங்கக்கா" என்றேன். "இல்ல புள்ள, எனக்கு நிண்டாத்தான் சுகம்" என்றார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் கீறிக் கொண்டுபோன படத்தை ஆசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கை விளங்குது. நடுவில இந்த ஓட்டை என்னத்துக்கு மிஸ்?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் என் வாயில் இருந்து வர வேண்டியது ஒரேயொரு சொல். முப்பது வருடம் மனிதரின் உள்ளுறுப்புகளைப் பார்த்தே சாப்பிட்டவள் நான். ஆனால் அவர் நெற்றியில் திருநீறு, பக்கத்தில் ரிஷபம், கையில் அந்த அம்மா தந்த தேத்தண்ணி. எனக்குச் சொல் வரவில்லை.

"தண்ணி போறதுக்கு" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "தண்ணி மட்டுமா, தடிப்பான சாமானும் போகுமா?"

"தடிப்பானதுதான் கூட."

"அப்ப ஓட்டையக் கொஞ்சம் பெருப்பிப்பம். எந்தப் பக்கம் பாக்க வைப்பீங்க? கிழக்கா?"

எங்கள் அறையில் இயந்திரம் இருந்த நிலைக்கு ஆள் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஓம் என்றேன். ஆசாரி கண்ணை மூடி ஒரு கணம் இருந்துவிட்டு, "நல்லாச் செய்து தாறன்" என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கெட்டிக்காரத்தனமாகக் காரியம் முடித்த சந்தோசத்தில் பஸ் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கதிரை வெள்ளைத் துணி சுற்றி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது. துணியை அவிழ்த்தவுடன் எக்ஸ்ரே பிரிவே அதைச் சுற்றிக் கூடிவிட்டது. இருக்கையைச் சுற்றித் தாமரை இதழ் விரிந்திருந்தது. கைபிடி இரண்டிலும் இரண்டு யாளி. கால்கள் நாலும் சிங்கப் பாதம். முதுகுப் பலகையில் திருவாசி. நடுவில், இதழ்களின் மத்தியில், இழைத்து வழுவழுப்பாக்கிய அந்த ஓட்டை. அபிஷேகம் பண்ணுகிற நீர் வழிந்தோட வைக்கிற அதே வட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆஸ்பத்திரிச் சாமிக்குப் பீடம் என்று நினைத்துத்தான் அந்த மனிதர் மூன்று மாதமும் செதுக்கியிருக்கிறார் என்று.

"மூணு மாசமும் மீன் மச்சம் ஒண்டும் வாயில வைக்கல்ல மிஸ்" என்றார் ஆசாரி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நிபுணர் குனிந்து அடியில் தடவிப் பார்த்து, "ஆணி இல்லைத்தானே?" என்று கேட்டார். "ஒண்டுகூட இல்ல டொக்டர்" என்றார் ஆசாரி. "அப்ப சரி" என்று நிபுணர் உள்ளே போய்விட்டார். அவருக்கு யாளியும் தெரியவில்லை, தாமரையும் தெரியவில்லை. நானும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

இனி விழாவுக்கு வருகிறேன். எங்கள் நிருவாக உத்தியோகத்தர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைக்கூட விளக்கேற்றாமல் பிளக்கில் செருக விடாதவர். புதிய சேவை தொடங்குகிறது, அதுவும் இப்படி ஒரு கதிரையோடு. சும்மா விடுவாரா? அறை வாசலில் பதாகை கட்டினார். சேவை என்னவென்று எழுத அவருக்கும் கூச்சம். "விசேட ஆசனச் சேவை ஆரம்ப விழா" என்று எழுதுவித்தார். குத்துவிளக்கு வந்தது, நிறைகுடம் வந்தது, ஒரு யாளியில் இருந்து மற்ற யாளிக்குச் சிவப்பு நாடா கட்டினார்கள். தேங்காய் உடைத்தாயிற்று. பிறகு அவர் பேசினார். "இந்த ஆசனத்தில் அமரும் ஒவ்வொருவரும் நிறைவோடு எழுந்து செல்ல வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்" என்றார். பயிற்சி டொக்டர் ஒருவர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். மற்ற எல்லோரும் கை தட்டினோம்.

முதலாவது நோயாளி அந்த நேரம் அங்கேதான் நின்றாள். பெரியகல்லாற்றைச் சேர்ந்தவள். பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறவள். நாலு பிள்ளை பெற்றவள். இரண்டு பேர் தூக்க வேண்டிய சோற்றுக் கிடாரத்தைத் தனியாகத் தூக்குகிறவள். ஏழு வருடமாகக் காலையில் ஒரு மணித்தியாலம் கக்கூசுக்குள் இருந்தும் அவளுக்கு ஒழுங்காகப் போவதில்லை. வேலைக்குப் பிந்திப் பிந்திப் போனதில், இன்னொரு தரம் பிந்தினால் சமையல் வேறு ஆளுக்கு என்று அதிபர் சொல்லிவிட்டார். பேதிக் குளிசை கொடுத்தார்கள், பப்பாசிப்பழம் தின்னச் சொன்னார்கள், மனக்கவலை என்றும் சொன்னார்கள். வெளியூரில் இருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள் வருவார். அன்றைக்குத்தான் அந்த நாள். எங்கள் படத்தில் கிழிசலோ பிதுக்கமோ தெரிந்தால் பின்னேரம் நாலு மணிக்கு முன் அவளுடைய பெயர் அவருடைய பட்டியலில் ஏறும். தெரியாவிட்டால் இல்லை.

எங்கள் ஊரில் விழா நடக்கும் இடத்தில் சும்மா நிற்கும் பெண்ணின் கையில் தட்டம் ஏறிவிடும். ஆஸ்பத்திரிக் கவுணோடு ஒதுங்கி நின்ற அவளிடம் யாரோ சந்தனம் குங்குமத் தட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவள் எல்லோருக்கும் நீட்டினாள். கடைசியில் நிருவாக உத்தியோகத்தர், "கதிரைக்கும் வச்சு விடுங்க தங்கச்சி" என்றார். அவள் திருவாசியின் உச்சியில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அரை மணித்தியாலம் கழித்து நாங்கள் அவளை அந்தக் கதிரையில் இருத்தி, வெளிக்குப் போகச் சொன்னோம்.

இதில் பிழை இருக்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நிபுணர், மூன்று பயிற்சி டொக்டர்மார், ஒரு தாதி, விழாவுக்கு வந்து இன்னும் போகாத படப்பிடிப்பாளர், கையில் வாழைப்பழத்தோடு நிருவாக உத்தியோகத்தர். எல்லார் நெற்றியிலும் குங்குமம். நான் ஒலிவாங்கியில், "முக்குங்க தங்கச்சி, நல்லா முக்குங்க" என்றேன். அறைக்குள் அது கோயில் ஒலிபெருக்கி போல முழங்கியது. அவள் கண்ணை மூடி, யாளிகளின் தலையில் கைபடாமல் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, முக்கினாள். திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்களும் எங்களை அறியாமலே மூச்சைப் பிடித்து முக்கினோம். படப்பிடிப்பாளரின் முகம் சிவந்து போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை. முக்க முக்கத் திறக்க வேண்டிய தசை இன்னும் இறுகியது. நாலு தரம் முயன்றோம். நாலு தரமும் அதேதான். நிபுணர் அறிக்கை எழுதினார்: உறுப்புகளில் சேதம் எதுவும் இல்லை. தசை தளர மறுக்கிறது. கத்தி தேவையில்லை, பயிற்சி போதும். படத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். நான் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அவளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் பொங்கல் சாப்பிடப் போன பிறகு அறையைத் துடைக்க உள்ளே போனேன். அவள் திரும்பி வந்து கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். கவுணின் ஓரத்தால் தாமரை இதழ் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே துடைக்க ஒன்றுமே இல்லை. துடைத்து முடித்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்க தாயே" என்றாள்.

"ஆரிட்டத் தங்கச்சி மன்னிப்புக் கேக்கிறீங்க?"

அவள் திடுக்கிட்டு எழும்பினாள். "ஒண்டும் இல்ல மிஸ். நீங்க படிச்சாக்கள், உங்களுக்குத் தெரியும். எண்டாலும் அம்மன்ட பீடத்தில என்னைக் குந்த வச்சிட்டீங்க. நான்தானே மிஸ் பொட்டு வச்சன்? வச்ச கை காயமுந்தி அதில எப்பிடி மிஸ்?" என்றாள். பிறகு மெல்ல, "ஒரு சொட்டும் விழாமப் புடிச்சிக்கிட்டன்" என்றாள், எனக்கு உதவி செய்தவள் மாதிரி.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் விளங்கியது. நாங்கள் எழுதியது அவளுடைய நோயை அல்ல. அவளுடைய பக்தியைப் படம் பிடித்து, அதற்கு ஒரு மருத்துவப் பெயர் வைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டோம்.

நிபுணரின் அறைக்குப் போனேன். மணி ஒன்றரை.

"சேர், அந்த அறிக்கைய அனுப்பாதீங்க. திருப்பி எடுக்க வேணும்."

"என்னத்துக்கு மிஸ்? படம் தெளிவாத்தானே இரிக்கு. படம் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சேர். கோயில் பீடத்தில இருத்தி வெளிக்குப் போகச் சொன்னா ஒரு மனிசி என்ன செய்வாண்டு அது சரியாத்தான் காட்டியிரிக்கு."

அவர் பேனையை வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு உடனே ஏறவில்லை. ஒருமுறை கதிர் வாங்கிய உடம்புக்கு அதே நாளில் இன்னொரு முறை கொடுப்பது சின்ன விசயம் அல்ல. அதை அவர் சொன்னார், சொன்னது நியாயம். "இதிலயும் ஒண்டும் தெரியாட்டி ஆர் மிஸ் பொறுப்பு?" என்றார்.

"தெரியாட்டிப் பயிற்சிக்கு அனுப்புவம் சேர். இப்ப அனுப்பினா, உள்ளுக்குள்ள கிழிசல வச்சுக்கொண்டு அவ இன்னும் ஏழு வருசம் பயிற்சி செய்வா. நாங்க கேட்ட விதம் பிழை. பிழையாக் கேட்டதுக்கு வந்த பதில வச்சு அவட பேரை வெட்டுறது சரியில்ல."

 அவர் கைலேஞ்சியை எடுத்து நெற்றிக் குங்குமத்தைத் துடைத்தார். "வேற கதிரைக்கு எங்க போறது?" என்று கேட்டார்.

கதிரை வாசலில் இருந்தது. காவலாளி ஐயா நாள் முழுக்க இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை. ஆணி இல்லை, இரும்பு இல்லை, எந்த நிழலும் விழாது. அதைத் தூக்கிக்கொண்டு போய், முறிவுக்குப் போடும் மாக்கட்டை வெட்டும் வாளால் நடுவில் வட்டமாக அறுத்தோம். காவலாளி ஐயா பின்னாலேயே வந்து, அறுக்கிற சத்தத்துக்கு ஒவ்வொரு தரமும் கண்ணை மூடினார். "ஒம்பது வருசமா இதிலதான் மிஸ் இரிக்கன்" என்றார். தாமரைக் கதிரையைத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "வேணாம் மிஸ், எனக்கு நிண்டும் பழக்கம்" என்றார்.

களி திரும்பவும் கிண்ட வேண்டும். பக்கத்துச் சின்ன அறையில் நான் அடுப்பில் வைத்துக் கிண்டினேன். கட்டி கட்டியாக வந்தது. வாங்குப் பலகையில் இருந்த அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழும்பி வந்துவிட்டாள்.

"மிஸ், அந்த அகப்பையத் தாங்க. அடுப்பத் தணிங்க. மாவக் குளுந்த தண்ணில கரைச்சுத்தானே ஊத்த வேணும்! இதென்ன, ஒரேயடியாக் கொட்டியிரிக்கீங்க." கிண்டிக்கொண்டே கேட்டாள், "எந்தப் பதத்துக்கு வேணும்?"

இந்த முறை நான் சுற்றி வளைக்கவில்லை. என்ன பதம், எதற்கு, எந்த வழியாகப் போகும், எந்த வழியாகத் திரும்பி வரும், நாங்கள் திரையில் எதைப் பார்ப்போம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அகப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நூத்தி எழுவது புள்ளைகளுக்கு ஆக்கிப் போடுறன் மிஸ். இப்பிடி ஒண்டுக்கு நான் கிண்டினதில்ல" என்றாள். காலையில் இருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். களி அருமையாக வந்தது. அப்படி ஒரு பதம் அதற்குப் பிறகு எனக்கு ஒருநாளும் வரவில்லை.

அறையில் இருந்த எல்லோரையும் வெளியேற்றினேன். படப்பிடிப்பாளரை இரண்டு முறை வெளியேற்ற வேண்டியிருந்தது. தாமரைக் கதிரையை மற்ற அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடிக்குத் துணி போட்டேன். திரைக்கு முன்னால் நிபுணர் மட்டும். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு, ஈய அங்கியோடு அவளுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"தங்கச்சி, இது கடையில வாங்கின பிளாஸ்டிக் கதிரை. இதில எந்தச் சாமியும் இல்ல."

"காவலாளி ஐயாட கதிரைதானே? பாவம் அந்தாள்" என்றாள்.

"வீட்டில என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. கையால அமத்துவீங்க எண்டா அமத்துங்க."

அவள் தலையைச் சட்டென்று தூக்கினாள். "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களை மாதிரிக் கனபேர் செய்யிறதுதான்."

ஏழு வருடம் அதை ஒருவருக்கும் சொல்லாதவள். கண் நிறைந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறு பக்கத்தில் இருந்து நிபுணரின் குரல் கேட்டது, "ஐயோ" என்று. திரையில் மலக்குடலின் முன்சுவர் ஒரு பையாகப் பிதுங்கி வந்தது. வெளியே போக வேண்டியதில் பாதி அந்தப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அவள் கையால் அமத்தியதும் பை சுருங்கி, மிச்சம் வெளியேறியது. தசை தன் பாட்டில் ஒழுங்காகத் திறந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

நிபுணர் பழைய அறிக்கையை வெட்டிவிட்டுப் புதியதைக் கையால் எழுதி, தானே எடுத்துக்கொண்டு ஓடினார். டொக்டர் ஓடுகிறார் என்று நோயாளர் விடுதியில் இரண்டு தாதிமாரும் கூடவே ஓடினார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலின் அடியில் அவள் பெயர் ஏறியது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்தில்தான் சமைக்கிறாள். கிடாரத்தை மட்டும் இப்போது இரண்டு பேர் தூக்குகிறார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் நான் கெட்டிக்காரியாகத் தெரிவேன். ஆனால் ஆசாரி வந்தார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளை வேட்டி, தட்டத்தில் பழம், வெற்றிலை, ஒரு செம்பில் பால். நேரே எக்ஸ்ரே பிரிவுக்கு வந்து, "முதல் அபிஷேகம் எப்ப மிஸ்? ஒரு சேதியும் வரல்ல. அதுதான் கேட்டுட்டுப் போகலாம் எண்டு வந்தன்" என்றார். நடைபாதையில் வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, உள்ளதைச் சொன்னேன். ஓட்டை எதற்கென்று சொன்னேன். அவர் முகம் கறுத்தது. தட்டத்தை மேசையில் வைத்தார். பால் தளும்பியது.

"மூணு மாசம் மிஸ்," என்றார். "மூணு மாசம் நோன்பிருந்து செய்தன்."

 வாயில் வந்ததைச் சொன்னேன். "ஐயா, உங்கட பீடத்தில ஒரு சொட்டும் விழல்ல. சத்தியமா விழல்ல. வேணுமெண்டா ஆதாரம் காட்டுறன்." காட்டினேன். பெயரை மறைத்துவிட்டு அந்த முதல் படத்தைத் திரையில் போட்டேன். நாலு முயற்சியும். ஒரு மருத்துவப் பரிசோதனை தோற்றுப்போனதை ஒரு பீடத்தின் சுத்தத்துக்குச் சான்றிதழாகக் காட்டிய ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருக்கும். இப்படித் தசை இறுகியிருக்கிறது, இங்கே பாருங்கள், கீழே ஒன்றுமே இல்லை என்று விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"இப்பிடியும் படம் புடிக்கலாமா மிஸ்?"

"ஓம் ஐயா."

"போக ஏலாம இரிக்கிற ஆக்களுக்கா?"

"ஓம்."

"இதுக்கு வைத்தியம் இரிக்கா?"

"கனபேருக்கு இரிக்கு ஐயா."

அவர் மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கதிரையில் அமர்ந்து, தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"என்ட மனிசிக்கும் இதுதான். பதினொரு வருசம். குந்தி இருக்கவும் ஏலா. நான் வீட்டு முத்தத்தில தாமரை செதுக்கக்குள்ள, அவ கக்கூசுக்குள்ள அழுதுகொண்டு கிடப்பா. எனக்குக் கேக்கும். கேக்காத மாதிரி உளியத் தட்டுவன்." என்னைப் பார்த்தார். "ஓட்டை என்னத்துக்கு எண்டு நான் அண்டைக்கே கேட்டனே மிஸ்."

கேட்டார். அந்த அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்க, என் கையில் அவர் தந்த தேத்தண்ணி இருக்க, கேட்டார். நின்றால்தான் சுகம் என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். நான் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை அன்றைக்குச் சொல்லியிருந்தால், அந்த முற்றத்திலேயே விசயம் வெளியே வந்திருக்கும். பெரியகல்லாற்றுக்காரிக்கு வந்த அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் அதே நாளில் இந்த அம்மாவையும் பார்த்திருப்பார். இனி அவர் வரும்வரை இன்னும் இரண்டரை மாதம் பொறுக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆசாரி தாமரைக் கதிரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அது இப்போது ஒரு கோயிலில் இருக்கிறது. எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். போகும்போது காவலாளி ஐயாவின் அறுத்த கதிரையைக் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த கிழமையே புதிது ஒன்று செய்து கொண்டுவந்தார். வெறும் பலகை, ஆணி இல்லை, பூ இல்லை, யாளி இல்லை. கால் வைக்க ஒரு கட்டை வைத்து, முழங்கால் உயர்ந்து நிற்கிற மாதிரிச் சரித்திருந்தார். "குந்தினாத்தானே மிஸ் சுகமாப் போகும்" என்றார். நிபுணர் அளந்து பார்த்துவிட்டு, தன் புத்தகத்தில்கூட இப்படி ஒன்று இல்லை என்றார். எந்த விழாவும் வைக்கவில்லை. நிருவாக உத்தியோகத்தர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அதில் முதலில் இருந்தவர் ஆசாரியின் மனைவி. களி கிண்டி வைத்திருந்தேன், கட்டி இல்லாமல். ஆசாரியை நடைபாதையில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்த அம்மா கதிரையைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். "வீட்டில எனக்கு ஒரு வாங்குகூட இந்தாள் செய்து தரல்ல" என்றார். பிறகு குனிந்து பார்த்து, புருசன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"நடுவில இதென்ன புள்ள ஓட்டை?"

"பீ போறதுக்கு அக்கா" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"இதச் சொல்லவா இவ்வளவு காலம்?" என்று கேட்டுவிட்டு, கதிரையில் ஏறி இருந்தார்.